எட்டு வருட மௌனம் : ஆர்வோ பேர்ட்டின் இசை

எஸ்தோனியாவில் ராக்வெரே என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் ஒரு சிலை இருக்கிறது. அரசர் சிலையும் இல்லை, தளபதி சிலையும் இல்லை. சைக்கிளோடு ஒரு பையன், அவ்வளவுதான். பையன் இசை கேட்டுக்கொண்டிருக்கிறான். ஓர் இசையமைப்பாளரின் பிறந்த நாளையொட்டி வைத்த சிலை அது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதில் வானொலியின் சிம்பொனி நிகழ்ச்சி ஒலிக்கும்போது, அந்தப் பையன் சைக்கிளில் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்பானாம்.

அந்தப் பையன்தான் ஆர்வோ பேர்ட். பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய இசையை எங்காவது கேட்டிருக்கக்கூடும். மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11' (2004) படத்தில் அது வருகிறது. 'தேர் வில் பி பிளட்' (2007) படத்திலும் வருகிறது. ஒரு பியானோ, ஒரு வயலின், மெதுவாக, மிக மெதுவாக... 'தூங்குவதற்கு ஏற்ற இசை', 'மன அமைதிக்கு இசை' என்ற தொகுப்புகளில் அவருடைய 'ஸ்பீகல் இம் ஸ்பீகல்' இல்லாமல் இருப்பது அபூர்வம்.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. பேர்ட்டை ஒரு தாலாட்டுக்காரராக உலகம் எடுத்துக்கொண்டுவிட்டது. இனிமையான, சிக்கலில்லாத, அரசியல் இல்லாத இசை என்று ஒரு முத்திரை. பிடித்தவர்கள் அதற்காகவே பாராட்டுகிறார்கள், பிடிக்காதவர்கள் அதற்காகவே திட்டுகிறார்கள். இரண்டு தரப்புமே ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த எளிமையை அடைய அந்த மனிதர் கொடுத்த விலை என்ன என்பதுதான் அது. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த இசை வேறு மாதிரி கேட்கும்.

நடுவில் கெட்டுப்போன பியானோ

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். எஸ்தோனியாவின் மக்கள் தொகை சுமார் 13 லட்சம்தான். பால்டிக் கடலோரத்தில், ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1918-இல் சுதந்திரம் அறிவித்தது. 1940-இல் சோவியத் யூனியன் பிடித்தது, 1941-இல் ஜெர்மனி பிடித்தது, 1944-இல் மறுபடியும் சோவியத் பிடித்தது. பிறகு 1991 வரை விடுதலை இல்லை. இத்தனைக்கும் நடுவில் அந்த மக்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். 1869-இல் தார்த்து நகரத்தில் தொடங்கிய அவர்களுடைய பாட்டுத் திருவிழா இன்றுவரை தொடர்கிறது.

பேர்ட் 1935 செப்டம்பர் 11 அன்று பைடே என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயோடு ராக்வெரேக்கு வந்துவிட்டார். வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதில் நடுப்பகுதிக் கட்டைகள் சரியாக வேலை செய்யாது. மேலே இருக்கும் கீச்சு சுரங்களும் கீழே இருக்கும் கனத்த சுரங்களும் மட்டுமே ஒழுங்காக ஒலிக்கும். பையன் அதை வைத்துக்கொண்டே ஏதேதோ வாசித்துப் பார்த்தான். பிற்காலத்தில் அவர் எழுதிய பியானோ இசையில் அடியில் ஒரு கனத்த சுரமும், உச்சியில் சில மெல்லிய சுரங்களும், நடுவில் வெற்றிடமும் இருப்பதைக் கேட்கும்போது அந்தப் பழைய பியானோ ஞாபகத்துக்கு வராமல் போகாது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பொருத்தம் அழகாக இருக்கிறது.

பிறகு ராணுவ சேவை. அங்கே பேண்டு வாத்தியக் குழுவில் வாசித்தார். 1957-இல் தலைநகர் டாலினின் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியர் ஹெய்னோ எல்லர், எஸ்தோனிய இசையமைப்பாளர்கள் பலரை உருவாக்கியவர். படிக்கும்போதே வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை. சினிமாவுக்கும் இசையமைத்தார், முப்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு. ஆக, பேர்ட் காட்டிலிருந்து வந்த துறவி இல்லை. ஸ்டூடியோ, மைக், காலக்கெடு எல்லாம் தெரிந்த தொழில்காரர்.

ஒரு கையில் பரிசு, இன்னொரு கையில் பிரம்பு

1960-இல் பேர்ட் 'நெக்ரோலாக்' என்ற இசையை எழுதினார். எஸ்தோனியாவில் பன்னிரண்டு சுர முறையில் எழுதப்பட்ட முதல் இசை அது. ஷோன்பெர்க் வகுத்த அந்த முறையில் எந்தச் சுரத்துக்கும் தனி மரியாதை கிடையாது, பன்னிரண்டுக்கும் சம உரிமை. கேட்பதற்குக் கரடுமுரடாக இருக்கும். மேற்கு நாடுகளில் அது அப்போது சர்வ சாதாரணம். சோவியத் யூனியனில் அது 'முதலாளித்துவச் சீரழிவு'. சோவியத் இசையமைப்பாளர் சங்கத்தின் தலைவராக இருந்த டிகான் கிரென்னிகோவ், அந்த இளைஞர் அந்நியத் தாக்கத்துக்கு ஆளாகிவிட்டார் என்று கண்டித்தார்.

வேடிக்கை என்னவென்றால், 1962-இல் அதே இளைஞருக்கு மாஸ்கோவில் முதல் பரிசு கிடைத்தது! குழந்தைகள் பாடும் 'எங்கள் தோட்டம்' என்ற படைப்பும் இன்னொரு படைப்பும் அதைப் பெற்றுத் தந்தன. அதிகாரம் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. இப்படி எழுதினால் பரிசு, அப்படி எழுதினால் பிரம்பு.

எத்தனையோ பேர் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு ஒழுங்காக வாழ்ந்தார்கள். பேர்ட் அப்படிச் செய்யவில்லை. 1964-இல் 'பாக் பெயரில் ஒட்டுப்படம்' என்று ஒரு படைப்பு. அதன் நடுப்பகுதியில் பாக் எழுதிய அழகான நடன இசையை ஓபோ என்ற குழல் வாசிக்கும். திடீரென்று அதன்மேல் மொத்த சுரங்களும் கொத்தாக வந்து விழும், கண்ணாடி உடைவது போல. மறுபடி அழகு, மறுபடி உடைப்பு. முப்பது வயதுக்குள் அந்த மனிதருக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது அதில் தெரிகிறது. பழைய அழகு வேண்டும், ஆனால் இந்த நூற்றாண்டில் அதை நம்ப முடியவில்லை.

1968 நவம்பர்

அந்தச் சண்டையின் உச்சம் 'கிரேடோ'. பியானோ, பாடகர் குழு, பெரிய வாத்தியக் குழு எல்லாம் சேர்ந்த படைப்பு. 1968 நவம்பர் 16 அன்று டாலினில் நீமே யார்வியின் இயக்கத்தில் அரங்கேறியது.

'கிரேடோ' என்றால் லத்தீனில் 'நம்புகிறேன்' என்று பொருள். இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன் என்று பாடகர் குழு உரக்கப் பாடுகிறது. நாத்திகம் அரசுக் கொள்கையாக இருந்த நாட்டில், அரசு நடத்தும் மேடையில், அரசு சம்பளம் வாங்கும் கலைஞர்கள் அதைப் பாடுகிறார்கள். அதுவும் எந்த வருடம்? பிராக் நகருக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம்.

ஆனால் அந்தப் படைப்பின் நிஜமான விஷயம் அந்த முதல் வரி இல்லை. மத்தேயு நற்செய்தியிலிருந்து ஒரு பகுதியை பேர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார். கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்ற பழைய நியாயமும், தீமையைத் தீமையால் எதிர்க்காதே என்ற புதிய போதனையும் வரும் இடம். பழிக்குப் பழி என்ற வார்த்தைகள் வரும்போது பன்னிரண்டு சுர முறை நுழைகிறது. கூச்சலும் குழப்பமுமாகப் பெருகி எல்லாவற்றையும் விழுங்குகிறது. பிறகு எதிர்க்காதே என்ற வார்த்தைகள். அதன் பிறகு பாக்கின் சி மேஜர் பிரெலூட், பியானோ படிக்கிற எல்லாக் குழந்தைகளும் வாசிக்கும் அந்த எளிய இசை, மெல்லத் திரும்பி வருகிறது.

அரங்கம் ஆரவாரம் செய்தது. மறுபடி ஒருமுறை வாசிக்க வேண்டியதாயிற்று. பிறகு நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. விசாரணைகள், கண்டனங்கள். 'கிரேடோ' மேடையிலிருந்து காணாமல் போனது.

அரசாங்கம் தடை செய்தது என்பதோடு கதையை முடித்துவிடலாம். தியாகி ஒருவர் கிடைப்பார். ஆனால் பேர்ட் விஷயத்தில் உண்மையான முடிவு அவருடையதாகவே இருந்தது. அரசு ஒரு படைப்பைத்தான் நிறுத்தியது. அவரோ தன் இசை முறை முழுவதையும் நிறுத்திக்கொண்டார்.

எட்டு வருடம்

1968-லிருந்து 1976 வரை பேர்ட் ஏறக்குறைய எதையுமே வெளியிடவில்லை. 1971-இல் மூன்றாவது சிம்பொனி வந்தது, யார்விக்குச் சமர்ப்பணமாக. சோற்றுக்காக சினிமா இசை தொடர்ந்தது. மற்றபடி மௌனம்.

33 வயது, நல்ல பெயர், நல்ல திறமை. கொலாஜ் தெரியும், பன்னிரண்டு சுரம் தெரியும். எந்த உத்தியிலும் எழுதக்கூடிய ஒருவர் அத்தனையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆரம்பப் பாடசாலை மாணவன் போல ஒற்றை வரி மெட்டு எழுதப் பழகினார். கிரெகோரியன் ஓதல் என்று சொல்லப்படும் பழைய தேவாலயப் பாடல்களைப் படித்தார். பக்கவாத்தியம் கிடையாது, இரண்டாவது குரல் கிடையாது, தனி மெட்டு மட்டும். சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு பாடலைப் படித்துவிட்டு, உடனே தோன்றும் மெட்டை எழுதுவார். பறவைகள் பறக்கும் கோட்டை வரைந்து பார்த்து அதற்கு ஏற்ற சுரங்களை எழுதுவார். நோட்டு நோட்டாக நிரப்பினார். அவற்றில் எதுவும் மேடைக்காக எழுதியது இல்லை.

1972-இல் நோராவைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில்தான் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிலும் சேர்ந்தார்.

அந்த நாட்களைப் பற்றி பேர்ட் பிறகு சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரு நாள் காலையில் தெருக் கூட்டும் தொழிலாளி ஒருவரிடம், ஓர் இசையமைப்பாளர் எப்படி இசை எழுத வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு ஒலியையும் நேசிக்க வேண்டும் போலிருக்கிறது என்றாராம். எந்தப் பேராசிரியரும் இதைத் தனக்குச் சொல்லித் தரவில்லை என்பது பேர்ட்டின் கருத்து.

கேட்க இனிமையான கதைதான். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரு வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு கடுமையானது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஒலியையும் நேசிக்க வேண்டுமென்றால், நேசிக்க முடியாத ஒலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அலங்காரத்துக்கு, இடம் நிரப்ப, திறமையைக் காட்ட என்று ஒரு சுரமும் மிஞ்சக் கூடாது. எட்டு வருடம் ஆனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

1 + 1 = 1

1976-இல் 'ஃபியூர் அலினா' வந்தது. பியானோவுக்கு எழுதியது, இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அடியில் ஒரு கனத்த சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மேலே முதலில் இரண்டு சுரங்கள், அடுத்து மூன்று, அடுத்து நான்கு என எட்டு வரை வளர்ந்து, பிறகு அதே போலத் தேய்கிறது. தாளக் கணக்கு எழுதப்படவில்லை. பியானோ கற்கத் தொடங்கியவர்கள்கூட விரல் வைத்துவிடலாம். நன்றாக வாசிப்பது வேறு விஷயம். ஒளிந்துகொள்ள அதில் இடமே கிடையாது.

இந்த முறைக்கு பேர்ட் வைத்த பெயர் 'டின்டினாபுலி'. சிறு மணிகள் என்று அர்த்தம். இதன் விதி எளிமையானது. இரண்டு குரல்கள். ஒன்று சுரவரிசையில் படிப்படியாக ஏறி இறங்கும். இன்னொன்று ஸ, க, ப போல மூன்றே சுரங்களுக்குள் நிற்கும். முதல் குரல் எங்கே போனாலும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சுரத்தை இரண்டாவது குரல் அந்த மூன்றிலிருந்து எடுத்துத் தரும். முதல் குரல் அலைகிற மனிதன், இரண்டாவது குரல் அவனை விடாமல் தாங்கும் மன்னிப்பு என்று பேர்ட் விளக்கியிருக்கிறார். இரண்டு குரல்களும் தனித்தனி இல்லை, கேட்பதற்கு ஒன்றுதான் என்பதை நோரா ஒரு சமன்பாடாகச் சொன்னார்: 1 + 1 = 1.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டாவது குரல் எந்தச் சுரத்தைத் தொட வேண்டும் என்பதை முதல் குரலும் விதியும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. இசையமைப்பாளரின் விருப்பத்துக்கு அங்கே வேலை குறைவு. 1982-இல் முடித்த 'பாசியோ' இன்னும் ஒரு படி மேலே போகிறது. யோவான் நற்செய்தியின் பாடுகள் வரலாற்றை 70 நிமிடம் பாடும் படைப்பு அது. ஒரு சொல்லில் எத்தனை அசை, வாக்கியத்தில் நிறுத்தற்குறி எங்கே வருகிறது என்பவை மெட்டையும் கால அளவையும் தீர்மானிக்கின்றன. அதாவது, பன்னிரண்டு சுர முறையில் இருந்த அதே கணித ஒழுக்கத்தை பேர்ட் கைவிடவே இல்லை. சத்தத்தைத்தான் மாற்றினார், கண்டிப்பை மாற்றவில்லை. 'உணர்ச்சிகரமான மெல்லிசை' என்று நினைத்துக் கேட்பவர்களுக்கு இது ஓர் அதிர்ச்சியாக இருக்கலாம். ஒரு இன்ஜினீயர் போட்ட வரைபடம் மாதிரி இறுக்கமான இசை அது.

ஒரே ஒரு சுரவரிசை, ஒரே ஒரு மணி

உதாரணத்துக்கு 1977-இல் எழுதிய 'கான்டஸ்'. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்தார். அவர் நினைவாக எழுதியது. நரம்பு வாத்தியங்களும் ஒரு மணியும் மட்டும். ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மணி மூன்று முறை மெல்ல ஒலிக்கிறது. வயலின்கள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்குகின்றன. முதலில் ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு மூன்று, ஒவ்வொரு முறையும் ஒரு படி கூடுதலாக. மற்ற வாத்தியங்களும் அதே இறக்கத்தைத்தான் வாசிக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் முந்தியதன் பாதி வேகத்தில். கடைசியில் நிற்கும் டபுள் பாஸ், முதல் வயலினைவிட 16 மடங்கு மெதுவாக இறங்குகிறது. ஒரே துக்கத்தை ஐந்து பேர் ஐந்து வேகத்தில் அனுபவிப்பது போல. குழந்தை அழுது முடித்துவிடும், பாட்டி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பது மாதிரி. ஒவ்வொரு குரலும் தன் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறது. எல்லாரும் வந்து சேரும்போது ஒலி பிரமாண்டமாகப் பெருகியிருக்கும். சட்டென்று நிற்கும். அப்போதுதான் ஒரு விஷயம் காதில் விழும். நிற்பதற்குச் சற்று முன்பு அடித்த மணி, அந்தப் பெரிய ஒலிக்குள் மறைந்திருந்தது, இப்போது தனியாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இதில் புதிதாக ஒரு மெட்டு இல்லை. எல்லாருக்கும் தெரிந்த சுரவரிசை. அதை வைத்துக்கொண்டு சாவைப் பற்றி இவ்வளவு சொல்ல முடியும் என்பதுதான் அந்த எட்டு வருடத்தின் பலன்.

அதே 1977 செப்டம்பரில் டாலினில் 'டாபுலா ராசா' அரங்கேறியது. கிடோன் கிரேமரும் டாட்டியானா கிரிண்டென்கோவும் வயலின், இசையமைப்பாளர் ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கே பியானோ, எரி கிளாஸ் இயக்கம். இதன் இரண்டாவது பகுதிக்கு 'மௌனம்' என்று பெயர். முடிவில் சுரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, கடைசி ஒரு படி மட்டும் பாக்கி இருக்கும்போது நின்றுவிடும். அந்தக் கடைசிச் சுரம் வாசிக்கப்படுவதில்லை. கேட்பவரே மனதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

ரயில் நிலையத்தில் ஒரு கச்சேரி

1980 ஜனவரியில் பேர்ட் குடும்பம் சோவியத் யூனியனை விட்டு வெளியேறியது. அதிகாரிகளே அந்த முடிவை நோக்கித் தள்ளினார்கள். நோரா யூத வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதால் வெளியேற வழி கிடைத்தது. இரண்டு மகன்கள், ஏழு பெட்டிகள். எல்லையில் ப்ரெஸ்ட் ரயில் நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து சோதனை போட்டார்கள். பெரும்பாலும் இசைக் குறிப்புகளும் ஒலிநாடாக்களும். இது என்ன, போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். ஆளில்லாத அந்தப் பெரிய நிலையத்தில் 'கான்டஸ்' ஒலித்தது. பிறகு ஒரு திருப்பலி இசை. கேட்ட காவலர்கள் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள் என்று பேர்ட் பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் வியப்போடு சொன்னார்.

அந்தக் காட்சியை 1968-இன் அரங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று முழுக் குரலெடுத்துக் கத்திய இசை, அதிகாரத்தை ஆத்திரப்படுத்தியது. இன்று ஒரு மணியும் சில நரம்புகளும், அதே அதிகாரத்தின் சீருடை போட்ட மனிதர்களைச் சில நிமிடம் மனிதர்களாக்கிவிட்டன. 'கிரேடோ'வில் பேர்ட் பாட வைத்த வார்த்தை நினைவிருக்கிறதா? தீமையைத் தீமையால் எதிர்க்காதே. 1968-இல் அதைக் கூச்சலாகத்தான் அவரால் சொல்ல முடிந்தது. கூச்சலை எதிர்க்கக் கூச்சலையே பயன்படுத்தினார். எட்டு வருடம் கழித்து அந்த வாக்கியத்தையே தன் இசையின் இலக்கணமாக மாற்றிக்கொண்டார். அவருடைய மௌனத்தைப் பயம் என்றோ சரணாகதி என்றோ சொல்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போனவரும் இருந்தவரும்

நியாயமான ஒரு கேள்வி உண்டு. நாட்டை விட்டுப் போய் வியன்னாவிலும் பெர்லினிலும் அமைதியாக இசை எழுதுவது சுலபம்தானே? அங்கேயே இருந்து தாக்குப்பிடித்தவர்கள் என்ன ஆனார்கள்?

அப்படி இருந்தவர்களில் முக்கியமானவர் வெல்யோ டோர்மிஸ் (1930–2017). எஸ்தோனியாவின் பழைய நாட்டுப்புறப் பாட்டு வடிவத்தை எடுத்து நூற்றுக்கணக்கான பாடகர் குழு இசைகளை எழுதியவர். 1972-இல், பேர்ட் மௌனமாக இருந்த அதே காலத்தில், 'இரும்புக்குச் சாபம்' என்ற படைப்பைத் தந்தார். பாடகர் குழுவும் ஒரு முரசும் சேர்ந்து ஆயுதங்களைச் சபிக்கும் இசை அது. பால்டிக் கரையில் அழிந்துகொண்டிருந்த சிறு மொழிகளின் பாட்டுகளைத் தேடிப் பிடித்து 'மறக்கப்பட்ட மக்கள்' என்ற தொகுப்பாக்க அவர் எடுத்துக்கொண்ட காலம் 1970 முதல் 1989 வரை.

1988 செப்டம்பர் 11 அன்று டாலின் பாட்டுத் திடலில் லட்சக்கணக்கான எஸ்தோனியர்கள் கூடி, தடை செய்யப்பட்ட தேசப் பாடல்களைப் பாடினார்கள். 'பாடும் புரட்சி' என்று வரலாறு அழைக்கும் காலத்தின் பெரிய நாள் அது. தற்செயலாக அன்று பேர்ட்டின் 53-வது பிறந்த நாள். அவர் பெர்லினில் இருந்தார். அந்தத் திடலில் இருந்தவர்களுக்கு டோர்மிஸ் போன்றவர்கள்தான் அதிகம் தேவைப்பட்டார்கள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒருவரை வைத்து இன்னொருவரைக் குறைக்க வேண்டியதில்லை. டோர்மிஸ் ஒரு மக்கள் கூட்டத்தின் ஞாபகத்தைக் காப்பாற்றினார். பேர்ட் காப்பாற்றியது தனி மனிதனுக்குள் இருக்கும் ஓர் இடத்தை, எந்த அரசும் ஆணை போட முடியாத இடத்தை. 13 லட்சம் பேர் கொண்ட ஒரு நாடு இந்த இருவரையும் ஒரே தலைமுறையில் தந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

குற்றச்சாட்டுகள்

மேற்கில் பேர்ட்டின் பெயரைப் பரப்பியவர் இ.சி.எம். இசைத்தட்டு நிறுவனத்தின் மான்ஃப்ரெட் ஐஷர். காரில் போகும்போது வானொலியில் 'டாபுலா ராசா'வைக் கேட்டு அசந்துபோனவர். 1984-இல் அதை இசைத்தட்டாக வெளியிட்டார். அன்றிலிருந்து பேர்ட் உலகம் முழுவதும் வாசிக்கப்படும் இசையமைப்பாளர். கூடவே ஒரு பட்டமும் ஒட்டிக்கொண்டது: 'புனித மினிமலிசம்'. போலந்தின் கோரெட்ஸ்கி, இங்கிலாந்தின் டாவனர் ஆகியோரையும் சேர்த்துக் கிண்டலாகச் சொன்ன பெயர்.

முதல் குற்றச்சாட்டு, எல்லாப் படைப்பும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1980-க்குப் பிறகு எழுதியவற்றைத் தொடர்ந்து நான்கைந்து கேட்டால் எது எது என்று குழம்பும். சில சிறிய படைப்புகள் முறையை மட்டும் பின்பற்றுகின்றன, உயிர் கொஞ்சம் கம்மி. சினிமாக்காரர்களும் சோகக் காட்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'ஸ்பீகல் இம் ஸ்பீகல்' போட்டு அதைத் தேய்த்துவிட்டார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு பெரியது. இது உலகத்தை விட்டு ஓடும் இசை என்பது. இதற்கு அவருடைய வாழ்க்கையே பதில். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்த இரண்டு நாட்களில் 'டா பாசெம் டோமினே' எழுதத் தொடங்கினார். சமாதானம் தா என்று கேட்கும் ஒரு பழைய பிரார்த்தனை அது. 2006-இல் ரஷ்யப் பத்திரிகையாளர் அன்னா பொலிட்கோவ்ஸ்கயா சுட்டுக் கொல்லப்பட்டபோது, 2006–07 இசைப் பருவத்தில் தன் படைப்புகள் எங்கே வாசிக்கப்பட்டாலும் அது அவர் நினைவாக என்று அறிவித்தார். 2008-இல் எழுதிய நான்காவது சிம்பொனியை, அப்போது ரஷ்யச் சிறையில் இருந்த மிகையில் கோடோர்கோவ்ஸ்கிக்குச் சமர்ப்பித்தார். கோடோர்கோவ்ஸ்கி விடுதலையானது 2013-இல்தான். உலகத்தை விட்டு ஓடியவர் செய்கிற வேலையா இது?

மூன்றாவதாக, 'தூக்கத்துக்கான இசை' என்ற பாராட்டு. இதுவும் ஒரு குற்றச்சாட்டுதான், பாராட்டு வேஷம் போட்டது. 1980-களில் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்தவர்கள் சிலர் 'டாபுலா ராசா'வைத் திரும்பத் திரும்பக் கேட்க விரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தூக்கம் வரவழைக்க அது தேவைப்படவில்லை. விழித்தபடி எதிர்கொள்ளத் தேவைப்பட்டது. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் பேர்ட்டை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

திரும்பி வந்த பிறகு

2010-இல் பேர்ட் எஸ்தோனியாவுக்கே திரும்பிக் குடியேறினார். டாலினிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் லவுலாஸ்மா என்ற கடலோர ஊரில், பைன் மரக் காட்டுக்குள் ஆர்வோ பேர்ட் மையம் இருக்கிறது. அதன் புதிய கட்டடம் 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அந்த மௌன வருடங்களில் எழுதிய நோட்டுகளும் அவற்றில் அடக்கம். 2014-இல் ஜப்பானின் பிரீமியம் இம்பீரியாலே விருது, 2023-இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு. 2025 செப்டம்பரில் 90 வயது நிறைந்தது.

ஆனால் விருதுகளைவிட அந்த நோட்டுகள்தான் முக்கியம். மேடையேறாத, யாரும் கேட்காத, பரிசு எதுவும் வாங்காத ஆயிரக்கணக்கான ஒற்றை வரி மெட்டுகள். எல்லாம் தெரிந்த ஒருவர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியவை. எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், அடிக்கடி தலையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்ற பயம் எல்லாத் துறையிலும் எல்லாருக்கும் இருக்கிறது. எட்டு வருடம் மறக்கப்பட்டால் பரவாயில்லை என்று ஒருவர் முடிவெடுத்ததால்தான் 'கான்டஸ்' கிடைத்தது.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் 'கிரேடோ'விலிருந்து தொடங்குவது நல்லது. அந்தக் கூச்சலை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு 'ஃபியூர் அலினா'வுக்கு வரலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எட்டு வருடம் அப்போது காதில் கேட்கும். தயவுசெய்து படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.